நள்ளிரவு ஹைவேயில் கை காட்டும் முகம் தெரியாதவர்... வண்டியை நிறுத்தலாமா, வேணாமா?

இரவு 11.30 மணி. உளுந்தூர்பேட்டையைத் தாண்டி திருச்சி நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது ஒரு கார். பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையோரம் சாய்ந்து கிடக்கும் ஒரு பைக் தெரிகிறது. பக்கத்தில் ஒருவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார். "என்னங்க, நிறுத்துங்களேன்" என்கிறார் மனைவி. அடுத்த நொடியே அவரே, "வேணாம் வேணாம், குழந்தைங்க இருக்கு... போங்க" என்கிறார்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் 22 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். நிறுத்தலாமா, வேணாமா என்று ஐந்து நொடி யோசித்தால் 110 மீட்டர் தாண்டியாச்சு. அதாவது, பெரும்பாலான நேரம் இந்த முடிவை மனசு எடுப்பதே இல்லை. ஆக்சிலரேட்டரில் இருக்கும் கால் எடுத்துவிடுகிறது. அப்புறம் அடுத்த டோல்கேட் வரைக்கும் காருக்குள் ஒரு சங்கடமான அமைதி.

இந்த அனுபவம் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் பலருக்கும் உண்டு. 'மனிதாபிமானம் செத்துப்போச்சு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது ரொம்ப சுலபம். ஆனால் நிறுத்தாமல் போகிறவர் மனதில் இருப்பது கல்நெஞ்சம் இல்லை, பயம். அந்தப் பயமும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வருமோ என்ற பயம். இன்னொன்று, கை காட்டுபவர் உண்மையிலேயே மாட்டிக்கொண்டவரா, வழிப்பறி கும்பலா என்ற பயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முடிவெடுக்க முடியாமல் போகிறது. ஏன்னா, முதல் பயத்துக்குச் சட்டத்தில் பதில் வந்து பல வருஷம் ஆச்சு. இரண்டாவது பயத்துக்கு எந்தச் சட்டத்திலும் பதில் கிடையாது.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் டூவீலரில் போனவர்கள். அதாவது, மேலே சொன்ன காட்சியில் சாய்ந்து கிடக்கிறதே அந்த பைக், அது வெறும் பஞ்சராகவும் இருக்கலாம். ஓட்டியவர் பக்கத்துப் பள்ளத்தில் ரத்த வெள்ளத்தில் கிடக்கலாம். காரில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 'கோல்டன் ஹவர்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. காயம்பட்ட முதல் ஒரு மணி நேரம்தான் அது. உடனடி சிகிச்சை கிடைத்தால் சாவைத் தடுக்க அதிக வாய்ப்புள்ள நேரம். விபத்தில் சிக்கியவர்களை அந்த ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்தால் பாதி உயிரிழப்புகளைத் தவிர்க்கலாம் என்று சட்ட ஆணையம் தன்னுடைய 201-வது அறிக்கையில் 2006-லேயே சொன்னது. கிராமத்துச் சாலைகளிலும் ஹைவேக்களிலும் அந்த ஒரு மணி நேரத்தில் அடிபட்டவருக்கு முதலில் கிடைக்கும் ஆள் டாக்டர் இல்லை, போலீஸ் இல்லை. அந்த வழியாகப் போகும் யாரோ ஒருவர்தான்.

முதல் பயம்: 'தொட்டா நாமதான் சாட்சி'

'அடிபட்டவனைத் தூக்கினா ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும்' என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பதிந்துபோன பாடம். அதில் பொய்யும் இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் "நீங்க யாரு, சொந்தமா?" என்ற கேள்வி. அப்புறம் பணம் கட்டச் சொல்வது. அப்புறம் போலீஸ் வரும்வரை உட்காரவைப்பது. சில வருஷம் கழித்து சம்மன்.

டெல்லியைச் சேர்ந்த பியூஷ் திவாரி என்பவரின் உறவுக்காரப் பையன் பள்ளியில் இருந்து திரும்பும்போது விபத்தில் சிக்கி, ரொம்ப நேரம் சாலையிலேயே கிடந்து இறந்துபோனான். யாரும் நிறுத்தவில்லை. அதன்பிறகு 2008-ல் அவர் தொடங்கியதுதான் 'சேவ்லைஃப்' அறக்கட்டளை. 2013-ல் அந்த அமைப்பு நடத்திய ஆய்வில், சாலையில் அடிபட்டவருக்கு உதவ வாய்ப்பில்லை என்று சொன்னவர்கள் 74 சதவீதம் பேர். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட் அலைச்சல் போன்ற சட்டச் சிக்கல்.

அந்த அமைப்பு 2012-ல் போட்ட பொதுநல வழக்குதான் எல்லாவற்றையும் மாற்றியது. 2015 மே மாதம் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சட்டத்துக்கு இணையாக நாடு முழுக்கக் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. அதற்கான விதிகள் 2020-ல் வந்தன. இப்படி உதவுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'குட் சமாரிட்டன்'. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றிய சமாரியனைப் பற்றிய பைபிள் கதையில் இருந்து வந்த பெயர் அது.

சரி, நடைமுறையில் என்ன அர்த்தம்?

அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பெயர்கூட சொல்லாமல் கிளம்பிப் போகலாம். பெயர், முகவரி, போன் நம்பர் எதையும் சொல்லச் சொல்லி போலீஸோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பினால் சொல்லலாம், அவ்வளவுதான். போனில் தகவல் சொல்பவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆஸ்பத்திரிச் செலவை உதவி செய்தவரிடம் கேட்கக் கூடாது. நல்லெண்ணத்தோடு, பலன் எதுவும் எதிர்பார்க்காமல் முதலுதவி செய்யும்போது ஏதாவது தவறாகிவிட்டாலும், அடிபட்டவர் இறந்தேபோனாலும், உதவியவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது.

சாட்சி சொல்ல அவராகவே முன்வந்தால்? அப்போதும் ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்க முடியாது. அவருக்கு வசதியான நேரத்தில், அவர் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ போலீஸ் சாதாரண உடையில் வந்து விசாரிக்க வேண்டும். அதையும் ஒரே தடவையில் முடிக்க வேண்டும்.

இந்த உரிமைகளை எல்லா ஆஸ்பத்திரிகளும், அரசு ஆகட்டும், தனியார் ஆகட்டும், வாசலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் போர்டு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம். பார்க்கிங் கட்டண போர்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இருக்காது. இந்த போர்டைத்தான் தேட வேண்டியிருக்கும்.

இங்கேதான் பிரச்னை. சட்டம் வந்துவிட்டது, சேதி வந்து சேரவில்லை. 2018-ல் சேவ்லைஃப் நடத்திய இன்னொரு ஆய்வில், இப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதே தெரியாது என்றவர்கள் 84 சதவீதம் பேர். பொதுமக்களுக்குத் தெரியாதது ஒரு பக்கம். ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் ஸ்டேஷன் ரைட்டருக்கும் தெரியாவிட்டால், காகிதத்தில் உள்ள உரிமைக்காக வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்கும். அடிபட்டவரைத் தூக்கிவந்த சட்டையில் ரத்தத்தோடு நிற்கும் ஒருவர் 134ஏ பிரிவைப் பற்றி வாதாடும் மனநிலையில் இருக்கமாட்டார் என்பதும் உண்மை.

'காசு யார் கட்டுவது?' என்ற கேள்வி

அவசர சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேர சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்கும். முதலில் 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்த வரம்பு, பின்னர் 2 லட்சமாக உயர்ந்தது. அடிபட்டவர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும், வெளிநாட்டுக்காரராக இருந்தாலும், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். இதுதவிர, 2025 மே மாதம் முதல் மத்திய அரசும் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. ஆக, 'என் கார்டைத் தேய்க்கச் சொல்லிடுவாங்களோ' என்ற பயத்துக்கும் இன்றைக்கு அடிப்படை இல்லை.

பரிசுத் தொகையும் உண்டு. கோல்டன் ஹவருக்குள் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு 2021-ல் மத்திய அரசு 5,000 ரூபாய் அறிவித்தது. 2025-ல் அது 25,000 ரூபாயாக உயர்ந்து, 'ராஹ் வீர்' என்ற பெயரும் வந்தது. சட்டம் 'பலன் எதிர்பார்க்காமல்' என்கிறது, அரசோ பரிசு தருகிறது என்று யாராவது கிண்டல் செய்யலாம். ஆனால் நள்ளிரவில் பிரேக்கை மிதிப்பதா என்று யோசிக்கும் ஒருவருக்கு 25,000 ரூபாய் ஒரு காரணமாக இருக்கும் என்று நம்புவது கஷ்டம். 'உங்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்' என்ற நம்பிக்கைதான் அந்த நொடியில் வேலை செய்யும்.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது?

கவனிக்க வேண்டிய இடம் இது. 134ஏ பிரிவு காப்பாற்றுவது மோட்டார் வாகன விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரை மட்டும்தான். பஞ்சர் ஆகி நிற்பவர், பெட்ரோல் தீர்ந்தவர், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு லிஃப்ட் கேட்பவர்... இவர்களுக்கு உதவுவது அந்தப் பிரிவுக்குள் வராது.

லிஃப்ட் கொடுப்பதில் இன்சூரன்ஸ் சிக்கலும் இருக்கிறது. வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால், இலவசமாக ஏற்றிக்கொண்டவருக்கு வழியில் விபத்து நடந்தால் அந்த பாலிசியில் அவருக்கு இழப்பீடு வராது. டூவீலர் பின் சீட்டில் உட்கார்ந்து போனவர் தொடர்பான வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அப்போது இழப்பீட்டுச் சுமை வண்டி உரிமையாளர் தலையில் விழும். முழு பாலிசி எடுத்திருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. 2018-ல் நவி மும்பையில் மழையில் நின்றவர்களை காரில் ஏற்றிக்கொண்டு போன ஒருவருக்கு, சொந்த காரில் ஆள் ஏற்றிச் சென்றதாக போக்குவரத்து போலீஸ் அபராதம் விதித்தது. அவர் முகநூலில் எழுதிய பதிவு நாடு முழுக்கப் பரவியது. சொந்த வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றுவதைத் தடுக்கத்தான் அந்த விதி. இலவசமாக உதவியவர் மேல் அது பாய்ந்தது என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

நிறுத்தாமல் போனால் குற்றமா? இந்தியாவில் வழிப்போக்கருக்கு அப்படிப் பொதுவான சட்டக் கடமை இல்லை. விபத்தை ஏற்படுத்திய வண்டியின் டிரைவருக்குத்தான் அடிபட்டவரைக் காப்பாற்றும் கடமை உண்டு. ஜெர்மனியில் கதை வேறு. ஆபத்தில் இருப்பவருக்கு, தனக்குப் பெரிய ஆபத்து இல்லாமல் உதவ முடிந்தும் உதவாமல் போனால், குற்றவியல் சட்டம் 323சி பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். ஆனால் அங்கே டிரைவிங் லைசென்ஸ் வாங்கவே முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். கடமையைச் சுமத்தும் முன், செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். இங்கே எட்டு போடத் தெரிந்தால் போதும்.

இரண்டாவது பயம்: 'இது டிராப்பா இருந்தா?'

இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. லிஃப்ட் கேட்டு ஏறி நகை, பணம் பறித்தது, விபத்து நடந்தது போல் நடித்து வண்டியை மடக்கியது போன்ற செய்திகள் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. குடும்பத்தோடு போகிறவர், தனியாக கார் ஓட்டிப் போகும் பெண், கலெக்‌ஷன் பணத்தோடு போகும் வியாபாரி ஆகியோருக்கு 'பயப்படாம நிறுத்துங்க' என்று ஏசி அறையில் இருந்து அறிவுரை சொல்வது நியாயம் இல்லை.

ஆனால் இந்தக் காட்சியை எதிர்ப்பக்கத்தில் இருந்தும் பார்க்க வேண்டும். 2019 நவம்பர் 27 இரவு. ஹைதராபாத் அருகே ஷம்ஷாபாத் பகுதியில் டோல்கேட் பக்கம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போன இளம் கால்நடை மருத்துவர் திரும்பி வந்து பார்த்தபோது டயர் பஞ்சர். பஞ்சர் ஒட்டித் தருகிறோம் என்று 'உதவ' வந்தவர்களாலேயே அவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். டயரில் காற்றைப் பிடுங்கியதே அவர்கள்தான் என்று போலீஸ் சொன்னது. சந்தேகத்தின் பேரில் கைதான நான்கு பேரும் டிசம்பர் 6-ல் என்கவுன்டரில் கொல்லப்பட்டதும், அந்த என்கவுன்டரே ஜோடிக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையம் 2022-ல் சொன்னதும் தனிக்கதை.

இங்கே சொல்ல வருவது வேறு. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவரை விட, இருட்டில் வண்டி நின்றுபோய் ரோட்டில் நிற்பவருக்குத்தான் பயம் அதிகம். கை காட்டியதும் நிற்கப்போகும் வண்டியில் இருந்து யார் இறங்குவார்கள் என்பது அவருக்கும் தெரியாது. அதனால்தான், ஒரு பெண் தனியாக நிற்கும்போது நான்கு ஆண்கள் இறங்கிப்போய்ச் சூழ்ந்துகொண்டு "என்னாச்சு மேடம்?" என்பது, எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும், உதவி மாதிரி இருக்காது. கொஞ்சம் தள்ளி நின்றபடி, "போலீஸுக்கு போன் பண்ணவா? வீட்டுக்குத் தகவல் சொல்லணுமா?" என்று கேட்பது உதவி.

நிறுத்தாமலே உதவ முடியும்

நிறுத்துவது, கண்டுகொள்ளாமல் போவது என்று இரண்டே வழி இருப்பதாக நினைப்பதுதான் பெரிய தப்பு. நடுவில் ஒரு வழி இருக்கிறது: போன்.

தேசிய நெடுஞ்சாலையில் யாராவது மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அழைக்க வேண்டிய எண் 1033. நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் இது. டோல்கேட் பகுதிகளில் இருக்கும் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவற்றை இதன்மூலம் வரவழைக்கலாம். அதற்கும் சேர்த்துத்தான் டோலில் காசு கட்டுகிறோம் என்பது பலருக்கு ஞாபகமே வருவதில்லை. முன்பெல்லாம் டோல் ரசீதில் உதவி எண் அச்சடித்திருக்கும். ஃபாஸ்டேக் வந்த பிறகு ரசீது கைக்கு வருவதில்லை, நம்பரும் கண்ணில் படுவதில்லை. காயம் என்றால் 108. போலீஸ் உள்பட எந்த அவசரத்துக்கும் 112. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தனியாக மாட்டிக்கொள்ளும் பெண்கள் 1091 அல்லது 112-க்கு அழைத்தால், ரோந்து வாகனத்தில் பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு போலீஸ் 2023-ல் அறிவித்தது. 'காவல் உதவி' செயலியிலும் அவசர பட்டன் உண்டு.

போன் செய்யும்போது எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. "சார், எங்க இருக்கீங்க?" என்ற கேள்வி. "ஹைவேல... விழுப்புரம் தாண்டி..." என்றால் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு ஒன்றும் புரியாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம், கடைசியாகத் தாண்டிய டோல்கேட் அல்லது மேம்பாலம்... இந்த மூன்றில் இரண்டைச் சொன்னாலே போதும். எந்தப் பக்கம் என்பது ரொம்ப முக்கியம். நான்கு வழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ், அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றிவர வேண்டியிருக்கும்.

'யாராவது போன் பண்ணிருப்பாங்க'

ஒரு போன்தானே, ஏன் செய்வதில்லை? இதற்கு உளவியல் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பதில் தேடினார்கள். 1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தனித்தனி அறையில் மைக்கில் பேசிக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்கு திடீரென வலிப்பு வருவது போல் சத்தம் கேட்கும். கேட்பது தான் ஒருவர் மட்டும்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனே உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் ஓடியது 31 சதவீதம் மட்டுமே. கூட்டம் கூடக்கூட பொறுப்பு கரைந்துபோகிறது. ஹைவேயில் முன்னாடி நூறு வண்டி போயிருக்கும் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1973-ல் டார்லியும் டேனியல் பேட்சனும் செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யம். பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்களை அடுத்த கட்டடத்துக்குப் போய் உரையாற்றச் சொன்னார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்த தலைப்பே அந்த நல்ல சமாரியன் கதைதான்! வழியில் ஒருவர் சுருண்டு விழுந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். 'லேட் ஆயிடுச்சு, ஓடுங்க' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கருணையைப் பற்றிப் பேச ஓடிக்கொண்டிருந்தவர்களில் சிலர், கீழே கிடந்தவரைத் தாண்டியே போனார்கள். நல்லவரா கெட்டவரா என்பதைவிட, அவசரத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் முடிவை மாற்றியது.

நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது 1967-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த சோதனை. டயர் பஞ்சரான காரின் அருகே ஒரு இளம்பெண்ணை நிற்கவைத்தார்கள். 2,000 வண்டிகள் கடந்துபோனதில் நிறுத்தியது 35 பேர். அடுத்து, அதே சாலையில் கால் மைல் முன்னதாக இன்னொரு காட்சியை வைத்தார்கள்: வேறொரு பெண்ணின் காருக்கு ஒருவர் நின்று டயர் மாற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த 2,000 வண்டிகளில் 58 பேர் நிறுத்தினார்கள். இரண்டு விஷயம் இதில் தெரிகிறது. ஒருவர் நிற்பதைப் பார்த்தால் இன்னொருவர் நிற்கிறார். இன்னொன்று, அப்போதும்கூட 100 வண்டிக்கு 3 பேர்தான். 'அந்தக் காலத்துல எல்லாரும் உதவினாங்க' என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

சீனா கற்றுக்கொண்டது

உதவியவரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சீனாவின் நான்ஜிங் நகர வழக்கு உதாரணம். 2006-ல் பஸ் ஸ்டாப்பில் கீழே விழுந்த மூதாட்டியை ஒரு இளைஞர் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவர்தான் தள்ளிவிட்டார் என்று மூதாட்டி வழக்குப் போட்டார். 'தப்பு செய்யாதவர் எதற்கு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்?' என்ற ரீதியில் யோசித்த கோர்ட், சிகிச்சைச் செலவில் 40 சதவீதத்தை அவரைக் கட்டச் சொன்னது. இருவரும் மோதிக்கொண்டது உண்மைதான் என்று 2012-ல் அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் அதற்குள் 'உதவினால் மாட்டுவாய்' என்ற பாடம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. 2011-ல் ஃபோஷான் நகரில் வேன் மோதிக் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையை 18 பேர் கடந்துபோனது சிசிடிவியில் பதிவானது. கடைசியில் தூக்கியது, குப்பை பொறுக்கும் ஒரு பெண்மணி. 2017-ல்தான் சீனாவும் உதவுபவரைக் காக்கும் சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது.

இங்கேயும் 'இடிச்சவனே நீதான்டா' என்று கூட்டம் சேர்ந்து அடிக்கப் பாய்வது நடக்காத விஷயம் இல்லை. அதனால் டேஷ்கேம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இறங்கியதும் 108-க்கு போன் செய்துவிட்டுத் தொடுவது நல்லது. எத்தனை மணிக்கு வந்தோம் என்பதற்கு அந்த அழைப்பே சாட்சி.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால்

சட்டென்று பிரேக் போட்டு நடுரோட்டில் நிறுத்துவதுதான் ரொம்ப ஆபத்து. பின்னால் வரும் லாரி அடித்துவிடும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கங்களில் கேட்கவே வேண்டாம். அடிபட்டவரைத் தாண்டி, சாலையை விட்டு இடதுபக்கம் முழுக்க ஒதுங்கி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். ஆள் யாரென்று சந்தேகம் இருந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி விசாரித்தால் போதும். அது மரியாதைக் குறைவு இல்லை. உண்மையில் மாட்டிக்கொண்டவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். 'போலீஸுக்குச் சொல்லிட்டேன், வண்டி வருது' என்றதும் நிம்மதி அடைகிறாரா, பதற்றம் அடைகிறாரா என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும். அருகே இருட்டில் இன்னும் ஆட்கள் நிற்பது தெரிந்தாலோ, கல், மரக்கிளை போட்டு வழி மறித்திருந்தாலோ நிற்காமல் போய், வெளிச்சமான இடத்தில் நிறுத்தி 112-க்குச் சொல்வதே சரி.

காயம்பட்டவரை இரண்டு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவது இன்றும் நடக்கிறது. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருந்தால் அதுவே வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் ஆக்கிவிடலாம். வண்டி தீப்பிடிக்கும் நிலை போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அசைக்காமல் விடுவது நல்லது. ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கலாம். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாசத்தோடு செய்யும் இந்த வேலை மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

மாட்டிக்கொண்டவரும் அடுத்தவர் முடிவெடுப்பதைச் சுலபமாக்கலாம். பானெட்டைத் தூக்கி வைத்து, விளக்குகளை எரியவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி முகம் தெரிய நிற்க வேண்டும். முடிந்தால் டோல்கேட், பெட்ரோல் பங்க், டீக்கடை வெளிச்சம் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். வரிசையாகப் போகும் எல்லா வண்டிகளுக்கும் பொதுவாகக் கை ஆட்டினால், ஒவ்வொருவரும் அடுத்தவர் நிற்பார் என்று போய்விடுவார். ஒரு வண்டியைக் குறிவைத்து, டிரைவரைப் பார்த்து, காதில் போன் வைப்பது போல் சைகை காட்டினால், 'இவர் வண்டியில் ஏறக் கேட்கவில்லை, ஒரு போன் பண்ணச் சொல்கிறார்' என்பது ஓடும் வண்டியில் இருப்பவருக்கும் புரியும்.